ஒரே பலகையில் ஒரு மேஜை

உங்கள் மேஜை ஆடுகிறது, இன்ஸ்பெக்டர் சார். குறையாகச் சொல்லவில்லை. அரசாங்க மேஜை எல்லாமே இப்படித்தான். நாலு துண்டுப் பலகையை வச்சிரம் போட்டு ஒட்டி, மேலே வார்னிஷ் அடித்து அனுப்பிவிடுகிறார்கள். ஒரு மழைக்காலம் போனால் ஒட்டு விட்டுப்போகிறது. ரைட்டர் முழங்கையை ஊன்றும்போதெல்லாம் மைக்கூடு நகர்கிறது பாருங்கள். காலுக்கடியில் ஒரு அட்டையை மடித்து வைக்கச் சொல்லுங்கள். நான் சொல்லப்போவது கொஞ்சம் நீளம். பாதியில் மை கொட்டி, முதலிலிருந்து சொல்லுங்கள் என்றால் எனக்குப் பொறுமை இருக்காது.

பெயர் அருள்பிரகாசம். ராயபுரம். பீச் ரோட்டில் ஒரு கப்பல் ஏஜெண்டு கம்பெனியில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கு அவசியமும் ஏற்படவில்லை. என் தங்கை ஃப்ளோரன்ஸ் சின்ன வயதிலேயே விதவையானாள். அவள் புருஷன் ஹார்பரில் கிரேன் ஃபிட்டர், காய்ச்சலில் போய்விட்டான். ஒரு தகரப் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தவள்தான், அன்றிலிருந்து சமையல், துணி, வீடு எல்லாம் அவள் பொறுப்பு. அவளை நான் ஒரு வார்த்தை கடுமையாகச் சொன்னதில்லை. சொல்லும்படி அவளும் வைத்துக்கொண்டதில்லை.

எனக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. ஒரே பலகையில் ஒரு சாப்பாட்டு மேஜை. ஒட்டு இல்லாமல், மூன்று அங்குலக் கனத்தில், நாலு பேர் சேர்ந்து தூக்கினாலும் அசையாத மேஜை. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். வீட்டில் இருப்பதோ இரண்டு பேர். அதிலும் ஒருத்தி சமையல்கட்டிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறவள். ஆனால் ஆசைக்குக் காரணம் உண்டு.

எங்கள் கம்பெனிக்கு ராயபுரம் கடலோரத்தில் ஒரு பங்களா இருந்தது. வெள்ளைக்கார மேனேஜர் அங்கே குடியிருந்தான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் காகிதங்களில் கையெழுத்து வாங்கத் தினமும் போவேன். குமாஸ்தாக்கள் வராந்தாவில் ஏறக்கூடாது. தோட்டத்தில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். அதன் அடியில் நிற்க வேண்டும். ஜன்னல் வழியாக உள்ளே தெரியும்: ஒரே பலகையில் செய்த தேக்கு மேஜை. துரை சாப்பிட்டு முடித்து, வாயைத் துடைத்து, சுருட்டு பற்ற வைத்து, அப்புறம்தான் கூப்பிடுவான். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. நிழல் நன்றாக இருக்கும்.

அந்த மரத்தில் கட்டைவிரல் பருமனுக்கு ஓர் இரும்புக் கொக்கி அடித்து, அதில் தண்டவாளத் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். உச்சி வேளையில் வாட்ச்மேன் அதைச் சுத்தியலால் அடிப்பான். காதுக்குப் பக்கத்தில் அடிப்பான், வேண்டுமென்றே. குமாஸ்தா துள்ளுவதைப் பார்த்துச் சிரிக்க அவனுக்கு ஒரு சந்தோஷம். இந்தக் கதையை நான் சாப்பிடும்போது ஃப்ளோரன்ஸிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அவளும் ஒவ்வொரு தடவையும் முதல் தடவை கேட்பது போலக் கேட்பாள். யுத்தக் காலத்தில் தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கொக்கி மட்டும் இருந்தது. வருஷம் ஆக ஆக மரம் பருத்து அதை விழுங்கிவிட்டது. கடைசியில் ஒரு தொப்புள் மாதிரி வடு மட்டும் இருந்தது.

கப்பல்களைக் கரையில் கொண்டுவந்து தள்ளிய அந்தப் புயல் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதில் இந்த மரம் வேரோடு சாய்ந்து மதில்மேல் விழுந்தது. பங்களாவை அதற்குள் ஒரு வடநாட்டுக்காரர் வாங்கியிருந்தார். கிளைகளை விறகுக்காரர்கள் கொண்டுபோனார்கள். அடிமரத்தை யாரும் தொடவில்லை. இரண்டு பேர் கை கோத்தாலும் கட்ட முடியாத பருமன். "எடுத்துக்கினு போனா போதும் சாமி, உனக்குப் புண்ணியமா போவும்," என்றான் வாட்ச்மேன். இவன் வேறே வாட்ச்மேன். நான் எடுத்துக்கொண்டேன். எந்த மரத்தடியில் நின்றேனோ அந்த மரத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று தோன்றியது. நியாயமான ஆசைதான்.

அறுக்க ஒரு மில் வேண்டும். இந்தப் பட்டணத்தில் ஆயிரம் மில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இருக்கிறது. எல்லாம் பெட்டிக்கடைச் சட்டம் அறுக்கிற மில்.

முதலில் மூலக்கொத்தளத்தில் ஜெயவேல் என்று ஒருவன். வந்து மரத்தைச் சுற்றி நடந்தான். தலையைச் சொறிந்தான். "சார், இத்த ஏத்தினா என் மெஷினு அப்படியே குந்திக்கும். நாலாப் பொளந்து எடுத்தா, அறுத்துத் தரேன்," என்றான். நாலாகப் பிளந்தால் ஒரே பலகை எப்படி வரும் என்று கேட்டேன். "வராது சார். ஒட்டிக்கலாம்," என்றான். ஒட்டிக்கலாம். இந்த நாட்டில் எதற்கும் இதுதான் பதில்.

அடுத்தது வண்ணாரப்பேட்டை அத்தாவுல்லா. மரியாதை தெரிந்தவர், நாற்காலி போட்டு டீ வாங்கிக் கொடுத்தார். மரம் எங்கே நின்றது என்று மட்டும் கேட்டார். சொன்னேன். டீ கிளாசை வைத்துவிட்டார்.

"மன்னிச்சிக்கோங்க சார். காட்டு மரம்னா எம்மாம் பெருசா இருந்தாலும் பாக்கலாம். ஊரு மரத்த நான் மெஷின்ல ஏத்தறதில்ல. ஒருத்தன் போர்டு மாட்ட ஆணி அடிச்சிருப்பான், ஒருத்தன் துணி காயப்போடக் கம்பி அடிச்சிருப்பான். மரம் அத்த முழுங்கிட்டுச் சாதுவா நிக்கும். வாளு அதுல பட்டுதுன்னு வைங்க, அறுந்து பாம்பு மாதிரி வெளிய வரும். முன்னாடி நிக்கறவன் பொழைக்க மாட்டான்."

நான் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அதுவரை எனக்கு அந்த விஷயம் தெரியாது. சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

பிறகு பேசின் பிரிட்ஜ் பக்கம், சூளைப் பக்கம் எல்லாம் அலைந்தேன். ஒருவன் வருகிறேன் என்று வரவில்லை. ஒருவன் மரத்தைப் பார்த்துவிட்டு, தூங்குமூஞ்சி மரத்தில் யாராவது மேஜை செய்வார்களா, விறகுக்குத்தான் ஆகும் என்று எனக்கே பாடம் நடத்தினான். இப்படி இருக்கும்போது ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே ஃப்ளோரன்ஸ் சொன்னாள்: "திருவொத்தியூர்ல ஒரு மில்லு கீதாம் அண்ணே. ரொம்பப் பெரிய வாளாம். கப்பல் கட்டற எடத்துலேர்ந்து ஏலத்துல எடுத்ததாம்."

"யார் சொன்னது?"

"கோயில்ல சொல்லிக்கினாங்க."

கோயிலில் பெண்கள் வாளைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள் என்பது எனக்குப் புதிய செய்தி. ஆனாலும் போனேன்.

எர்ணாவூர் போகிற வழியில், உப்பங்கழிக்கு இந்தப் பக்கம் இருந்தது மில். முதலாளி ஹபீபுல்லா; காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, எது கேட்டாலும் தலையாட்டுகிற மனுஷன். ஆனால் இயந்திரம் நிஜமாகவே இயந்திரம். ஆள் உயரத்துக்கு மேலே ஒரு சக்கரம், பள்ளத்துக்குள் ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி ஓடும் பட்டை வாள். எதிரே தண்டவாளத்தில் ஒரு ட்ராலி. அதில் மரத்தைக் கட்டிவிட்டுக் கைச்சக்கரத்தைச் சுற்றினால் மரம் வாளை நோக்கி மெதுவாக நகரும். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு நின்றவன்தான் சிலுவைமுத்து.

அவனைப் பற்றி எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் நிறைய எழுத ஒன்றும் இல்லை. காசிமேட்டு மீன்காரக் குடும்பம். பெரிய உடம்பு. கண் இமையெல்லாம் மரத்தூள். வெற்றிலை. பெண்சாதி செத்து நாளாயிற்று, பிள்ளை இல்லை. பேசினால் பாதிச் சொல் பல்லுக்குள்ளேயே நின்றுவிடும். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"நீங்க ஃப்ளோரன்ஸோட அண்ணன்தானே சார்? அது சொல்லிச்சு, வருவீங்கன்னு."

மரம் அறுக்கிற ஒருவன் வாயில் என் தங்கையின் பெயரைக் கேட்டது அதுதான் முதல் தடவை. பெயருக்குப் பின்னால் 'அம்மா' என்றுகூட ஒட்டவில்லை. நான் மரத்தின் அளவைச் சொன்னேன். அவன் விரலால் தரையில் கணக்குப் போட்டு, "புடிக்கும் சார். தோ, இத்தினி எடம் மிச்சம் கீது," என்று இரண்டு விரலைக் காட்டினான். அலைந்து திரிந்ததற்கு ஒரு வழியாக மில் கிடைத்துவிட்டது.

கொக்கியைப் பற்றி அன்றைக்கே சொல்லியிருப்பேன். நிஜமாகவே வாயெடுத்தேன். ஹபீபுல்லா நடுவில் வந்து லாரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். சரி, மரம் வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அந்த நாள் வரைக்கும் என்மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை என்பதை ரைட்டர் தெளிவாக எழுத வேண்டும்.

ஹார்பர் ஆட்களை வைத்துச் சங்கிலிக் கப்பியால் தூக்கி, லாரியில் ஏற்றி, மரத்தைத் திருவொற்றியூரில் கொண்டுபோய் இறக்கினோம். மில்லில் முன்னால் வந்த வேலைகள் இருந்தன. சில வாரம் காத்திருக்க வேண்டியதாயிற்று. மரத்தைப் பார்க்க நான் போவேன். சிலுவைமுத்து அதன்மேல் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருப்பான். தூக்குப்பாத்திரத்தை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கள் வீட்டுத் தூக்குப்பாத்திரம்தான். மூடியில் நெளிவு இருக்கும்.

வீட்டிலும் மாறுதல் தெரிந்தது. காலைக் காப்பி நேரம் தவறியது. ரசத்தில் உப்பு கூடியது. ஃப்ளோரன்ஸ் பெட்டியின் அடியிலிருந்து ஒரு நீலப் புடவையை எடுத்துக் கட்ட ஆரம்பித்தாள். பாத்திரம் தேய்க்கும்போது பாடினாள். அவளுக்குப் பாட வரும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. நன்றாகப் பாடுவாள் என்று சொல்ல முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவன் வீட்டுக்கே வந்தான். வெள்ளைச் சட்டை, கஞ்சி போட்டது. நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தான். ஃப்ளோரன்ஸ் கதவோரம் நின்றாள்.

"சார், எனக்குச் சுத்தி வளச்சிப் பேச வராது. ஃப்ளோரன்ஸ கட்டிக்கலாம்னு கீறேன். அதுக்கும் சம்மதம்தான். உங்கள ஒரு வார்த்த கேட்டுக்கினு அப்பால சாமியாராண்ட போலாம்னு அது சொல்லிச்சு."

நான் ஃப்ளோரன்ஸைப் பார்த்தேன். அவள் தலையைக் குனியவில்லை. அதைத்தான் கவனித்தேன்.

"நான் போனாலும் உன்னச் சும்மா உடமாட்டேன் அண்ணே," என்றாள். "தெனம் சோறு ஆக்கிக் குடுத்தனுப்புவேன். இங்க இருக்குற திருவொத்தியூரு, இன்னா பெரிய தூரம்? அவருகூட, அண்ணன நம்மகூடவே வந்து இருக்கச் சொல்லேன்றாரு."

நம்மகூட. ஹபீபுல்லாவின் மில்லுக்குப் பின்னால் ஓட்டு வீட்டில், உப்பங்கழி நாற்றத்தில், அவன் வெற்றிலை துப்பும் வாசலில், தலைமைக் குமாஸ்தா அருள்பிரகாசம். இல்லாவிட்டால் பஸ்ஸில் ஏறி இறங்கி வருகிற ஆறிப்போன சோறு. இரண்டையும் அவள் சிரித்த முகத்தோடு சொன்னாள். அவளைக் குறை சொல்லிப் பயன் இல்லை. விவரம் தெரியாதவள். அவளுக்காகவும் சேர்த்து யோசிப்பது எப்போதும் என் வேலையாக இருந்து வந்திருக்கிறது.

"முதலில் மரத்தை அறுத்து முடியுங்கள். அப்புறம் பேசலாம்," என்றேன்.

அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். கை மரப்பட்டை மாதிரி இருந்தது. போன பிறகு சோப்புப் போட்டுக் கழுவினேன்.

மறுநாள் மில்லுக்குப் போனேன். சாணியும் செம்மண்ணும் குழைத்து எடுத்துக்கொண்டு போயிருந்தேன். வெயிலில் கிடக்கிற மரம் வெடிக்காமல் இருக்க அப்படிப் பூசுவது வழக்கம். விசாரித்துப் பாருங்கள், எந்த மரவாடியிலும் சொல்வார்கள். இரண்டு முனையிலும் பூசினேன். உடம்பிலும் அங்கங்கே பூசினேன். வடு இருந்த இடத்தில் கொஞ்சம் கனமாகப் பூசினேன். சிலுவைமுத்து பார்த்துவிட்டு, "நீங்க ஏன் சார் கையக் கலீஜ் பண்ணிக்கிறீங்க, நான் பூச மாட்டேனா," என்றான். என் மரம், நானே பூசுகிறேன் என்றேன். அவனுக்கு அது பிடித்துப்போயிற்று. "சாருக்கு மரத்து மேல இன்னா ஆசை பாரு," என்று கூட்டாளி திருமலையிடம் சொன்னான்.

அறுப்பு நாள் அன்று அந்தோனியார் படம் போட்ட சின்ன மெடல் ஒன்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்திருந்தான். ஃப்ளோரன்ஸ் கொடுத்ததாம். கேட்காமலே சொன்னான். மரத்தை ட்ராலியில் ஏற்றிச் சங்கிலியால் கட்டினார்கள். கோடு நான்தான் போட்டேன், சாக்கட்டியும் நூலும் வைத்து. அவன் கோட்டைப் பார்த்தான்.

"சார், இப்டிப் புடிச்சா நடு நெஞ்சுல பூடும் வாளு. அந்தாண்ட ஒரு சாண் தள்ளிக்கினா ரெண்டு பலகை சுத்தமாத் தேறும். நீங்க ஒண்ணு எடுத்துக்கினா, இன்னொண்ணுல எங்களுக்கும் ஒரு சின்ன மேஜை போட்டுக்கலாம்."

"மேஜை எனக்கா, உனக்கா?"

"உங்களுக்குத்தான் சார்."

"அப்படியானால் என் கோட்டில் அறு."

அவனுக்குக் கோபம் வரவில்லை. அப்படிப்பட்டவர்களுக்குக் கோபம் வராது. சுத்தியலை எடுத்து மரத்தைத் தட்டிக்கொண்டே நடந்தான். சாணி பூசின இடத்தில் தட்டினால் சத்தம் மந்தமாகத்தான் கேட்கும். திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டான்.

"இது ஊரு மரம் சார். உங்களுக்குத் தெரிஞ்ச மரம்னு ஃப்ளோரன்ஸ் சொல்லிச்சு. உள்ள ஆணி, கம்பி, இரும்பு எதுனா கீதா? நல்லா யோசிச்சிச் சொல்லுங்க."

நான் நன்றாகவே யோசித்தேன். காலையில் காப்பி தாமதமானதை யோசித்தேன். நீலப் புடவையை யோசித்தேன். கேரியரில் ஆறிப்போய் வரும் சோற்றை யோசித்தேன்.

"ஒன்றும் இல்லை," என்றேன்.

"நீங்க சொன்னா சரி சார்," என்றான்.

திருமலை ட்ராலிக்கு அந்தப் பக்கம், வாளுக்கு நேராக நின்றிருந்தான். அவனுக்கு மூன்று பெண் குழந்தைகள் என்று முன்பே பேச்சுவாக்கில் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன். அவனைக் கூப்பிட்டு, தாகமாக இருக்கிறது, ரோட்டுக்குப் போய் ஒரு சோடா வாங்கிக்கொண்டு வா என்றேன். பலகையை வாங்க ஆள் வேண்டுமே என்று தயங்கினான். சிலுவைமுத்துதான், "போய்ட்டு வா மாமு, சாருக்கு வெயில் ஒத்துக்கல போல. நான் பாத்துக்கறேன்," என்று அனுப்பினான். என்னைக் கல் நெஞ்சன் என்று உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால், திருமலையைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அவன் இன்று உயிரோடு இருப்பது அந்தச் சோடாவால்தான். அவன் ஒரு நாளும் எனக்கு நன்றி சொன்னதில்லை.

மில்லில் அடுக்கியிருந்த ரயில் ஸ்லீப்பர் கட்டைகளுக்குப் பின்னால் நான் போய் நின்றுகொண்டேன்.

வாள் நன்றாகத்தான் அறுத்தது. மரம் உள்ளே நல்ல காப்பி நிறம். தேக்கு பிச்சை வாங்க வேண்டும். சிலுவைமுத்து சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே என் பக்கம் திரும்பி, ரேகையைப் பாருங்கள் என்று கையைக் காட்டினான். வாயில் என்ன சொன்னான் என்று இரைச்சலில் கேட்கவில்லை. கோட்டின் பாதி தாண்டியிருக்கும். ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் வாள் இல்லாமல் மோட்டார் பெல்ட் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. ஹபீபுல்லா ஓடிவந்து நிறுத்தினார். அத்தாவுல்லா சொன்னது எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தது. முன்னால் நின்றவன் பிழைக்கவில்லை. மில்லில் இருந்த பழைய சாக்குகளைப் போட்டு மூடினார்கள். திருமலை சோடாவோடு வந்து நின்றான். நான் வாங்கிக்கொள்ளவில்லை, குடிக்கத் தோன்றவில்லை.

உங்களுக்கு முன்னால் இருந்த இன்ஸ்பெக்டர் வந்தார். வெட்டு வாயில் ஓர் இரும்புத் துண்டு பளபளவென்று தெரிந்தது. மரத்துக்குள் யாருக்கும் தெரியாமல் இரும்பு இருந்திருக்கிறது, விபத்து என்று எழுதிக்கொண்டு போனார். என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நாற்காலி கொடுத்து, நீங்கள் பெரியவர், வெயிலில் நிற்க வேண்டாம் என்றார். இந்த இலாகாவைப் பற்றி எனக்கு இருந்த அபிப்பிராயம் அன்றைக்கு உறுதியாயிற்று.

அடக்கத்துக்குப் போனேன். மெழுகுவர்த்தி பிடித்தேன். எல்லாம் கடவுளின் சித்தம் என்று சாமியார் பிரசங்கம் செய்தார். எதிலும் கடவுளை இழுத்துவிடுவது அவருக்குச் சுலபம். அதில் கடவுள் செய்தது ஒன்றும் இல்லை என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். ஃப்ளோரன்ஸ் அழவில்லை. குழியை மூடிய பிறகும் நின்றுகொண்டே இருந்தாள். நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன்.

ஹபீபுல்லா மில்லை மூடிவிட்டார். பாதி அறுத்த மரத்தை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து கொல்லையில் போட்டு, எண்ணூரிலிருந்து கைவாள்காரர்கள் இரண்டு பேரை வரவழைத்தேன். அவர்களுக்கு இடத்தைக் காட்டி, இங்கே ஒரு கொக்கி இருக்கிறது, ஒரு முழம் உள்ளே போய்க் கீழ்ப்பக்கமாக வளைந்திருக்கும், அதை உளியால் எடுத்துவிட்டு அறுங்கள் என்றேன். எடுத்தார்கள். பிறகு அறுத்தார்கள். யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. பலகை மூன்று அங்குலக் கனத்தில் கண்ணாடி மாதிரி வந்தது.

கொக்கி கிணற்றடியில் கிடந்தது. ஃப்ளோரன்ஸ் அதை எடுத்துக் கழுவியிருக்கிறாள். அன்று மத்தியானம் சோறு போட வந்தவள் அதை இலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"தண்டவாளம் தொங்கினது இதுலதான அண்ணே?"

"ஆமாம்."

"அவரு உன்னாண்ட கேக்கவே இல்லியா?"

நான் பொய் சொல்லிப் பழகாதவன். "கேட்டான்," என்றேன்.

அவள் ரசம் ஊற்றினாள். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. கொக்கியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தாள் என்று பிறகு பார்த்தேன். வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை என்பது உண்மைதான். ஆனால் காப்பி நேரத்துக்கு வருகிறது. உப்பு சரியாக இருக்கிறது. நீலப் புடவை பெட்டிக்குள் போய்விட்டது. பேச்சு இல்லாமல் ஒரு வீடு எவ்வளவு ஒழுங்காக நடக்கும் என்பதை நீங்கள் வந்து பார்க்க வேண்டும். மேஜையில் நான் சாப்பிடுகிறேன். அவள் பரிமாறிவிட்டுச் சமையல்கட்டுக்குப் போய்விடுகிறாள். மேஜையில் உட்காரச் சொல்லிப் பார்த்தேன். உட்காரவில்லை. கூச்ச சுபாவம்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். இரும்பு இருப்பது எனக்குத் தெரியும். வாள் அதில் பட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். வடுவை மறைத்தது நான். அதன் குறுக்கே கோடு போட்டது நான். சிலுவைமுத்து கேட்டபோது இல்லை என்று சொன்னதும் நான். அவனைக் கொல்லத்தான் சொன்னேன். பெரிய நஷ்டம் என்று நான் நினைக்கவில்லை. சக்கரம் சுற்ற ஆள் கிடைப்பது கஷ்டமா என்ன. ஃப்ளோரன்ஸுக்கு என்ன வேண்டும் என்று அவளுக்கே தெரியாதிருந்த சமயத்தில் ஒருவர் பார்த்துச் செய்ய வேண்டியிருந்தது, செய்தேன். அவளும் இப்போது அதைப் புரிந்துகொண்டிருக்கிறாள்.

அந்தக் கொக்கி உங்கள் மேஜைக்கு எப்படி வந்தது என்று நான் கேட்கப்போவதில்லை. ஹபீபுல்லா என் வீட்டுக்கு ஆள் அனுப்பித் திருடியிருப்பார். மில் போன ஆத்திரம். பூட்டு உடைபடவில்லை, அரிசிப் பானை நகரவில்லை, கெட்டிக்காரத் திருடன்தான். கீழே கிடக்கும் அந்த நீலத் துணியில் சுற்றியா கொண்டுவந்தான்? எங்கள் வீட்டுத் துணி மாதிரி இருக்கிறது.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? சரி. இன்னும் ஒன்று. உங்கள் ஆட்கள் என்னைக் கூட்டிவந்தபோதே ஃப்ளோரன்ஸ் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு முன்னால் எப்படி வந்து சேர்ந்தாளோ தெரியவில்லை. அண்ணனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பதறிக்கொண்டு ஓடிவந்திருப்பாள். நான் கடந்து வந்தபோது தலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, பாவம், பார்த்தால் அழுதுவிடுவாள். வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள் அவளை. இங்கே முடிய நேரமாகும், ராத்திரிக்கு எனக்கு ரசம் மட்டும் போதும் என்று சொல்லிவிடுங்கள்.